பூட்டு உடைந்து கிடந்தால்: கைரேகையும் ரத்தக்கறையும் கெடாமல் காக்க, ராமநாதபுரம் கடலோரக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆடி மாதம் குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு கமுதிப் பக்கம் போயிருந்தோம். மூன்றாம் நாள் காலை உச்சிப்புளி அருகே இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினால், பின்கதவின் நாதாங்கி பெயர்ந்து தொங்குகிறது. பக்கத்து ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி, ஒன்றை உடைத்திருந்தார்கள். பீரோ திறந்து கிடந்தது. ஆறரை பவுன் நகை போயிருந்தது.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் செய்த காரியங்களைத் திருடனே காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கலாம். ஜன்னல் திண்டில் ரத்தத்தைப் பார்த்த அம்மா, வீட்டுக்குள் ரத்தம் கிடக்கக் கூடாது என்று பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார். மச்சான் பீரோ கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். திருடன் காயத்தில் சுற்றிக் கழற்றிப் போட்டிருந்த எங்கள் துண்டை நான் ஒரு கேரி பேக்கில் போட்டு, இறுக முடிச்சுப் போட்டு, மறுநாள் சாயங்காலம்தான் கொடுத்தேன். அதைப் பிரித்த தடய அறிவியல் அலுவலர், "ஐஸ் போடாம மீனைக் கவர்ல கட்டி வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே தம்பி" என்றார்.

வெளிநாட்டிலும் சென்னையிலும் பிழைப்பு, ஊரில் பூட்டிய வீடு என்று கீழக்கரை முதல் தொண்டி வரை எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நாம் மிச்சம் வைத்ததைத்தான் எடுக்க முடியும்.

1. வாசலிலேயே நில்லுங்கள்

பூட்டு உடைந்திருப்பது தெரிந்ததும் உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளேயே இருக்கலாம் என்பது முதல் காரணம். 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். உள்ளூர் ஸ்டேஷன் எண் கையில் இருந்தால் அதற்கும் சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரில் அது வேண்டும்.

போலீஸ் வரும்வரை ஒருவர் முன்வாசலிலும் ஒருவர் கொல்லையிலும் நின்றால் போதும். குழந்தை, நாய், கோழி எதுவும் உள்ளே போகக் கூடாது. பாத்ரூம் அவசரம் என்றால் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். திருடன் கை கழுவியிருந்தால் அந்தக் குழாயும் தடயம்தான். உள்ளே போயே ஆகவேண்டிய நிலை வந்தால் (நடக்க முடியாத பெரியவர் உள்ளே இருக்கிறார், கேஸ் வாடை வருகிறது) ஒருவர் மட்டும் சுவர் ஓரமாகப் போய் அதே வழியில் திரும்புங்கள். எங்கெங்கே கை வைத்தீர்கள் என்பதைப் பிறகு மறைக்காமல் சொல்லுங்கள்.

உறவினர் கூட்டத்தைத் தடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. "போலீஸ் வந்து பார்க்கிறவரை யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். பழியைப் போலீஸ் மேல் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2. மணலில் இருக்கும் கால்தடத்துக்கு முதலில் மூடி போடுங்கள்

இதை எந்தப் பொது வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. நம் பக்கம் கொல்லை என்றால் மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு மணி நேரத்தில் கால்தடம் மேடு தட்டிப்போகும். தெளிவான தடம் தெரிந்தால் அதன்மேல் ஓர் அண்டாவையோ கூடையையோ கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். விளிம்பு தடத்தின் மேல் படாத அளவுக்குப் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். அதைக் கொல்லையிலோ பக்கத்து வீட்டிலோ இருந்து எடுங்கள், திருட்டு நடந்த அடுப்படியிலிருந்து எடுக்காதீர்கள்.

மூடுவதற்கு முன் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்துவிடுங்கள். சாய்வாக எடுத்தால் அளவு பிசகும்.

மோப்ப நாய் வந்தால் வரட்டும். எங்கள் தெருவில் அது மெயின் ரோடு வரை ஓடிப்போய் நின்றுவிட்டது.

3. கைரேகைக்கு எதிரி: ஈரம், உப்பு, உங்கள் கை

விரல் பட்ட இடத்தில் படிவது வியர்வையும் எண்ணெய்ப்பசையும். வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் கொஞ்சம் உப்பும் அமினோ அமிலங்களும். தண்ணீர் காய்ந்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பசையில்தான் கைரேகை நிபுணர் தடவும் பொடி பிடிக்கிறது. ஆனால் நம் வீடுகளில் ஜன்னல் கம்பியை விரலால் தொட்டு நக்கினாலே கரிக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான இடத்தில் பொடியைத் தடவினால் ரேகை தெரியாது, சேறுதான் வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்த கைரேகை நிபுணர் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. டார்ச்சை பீரோமேல் சாய்வாக அடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் பொடி தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பத்தரை மணிக்கு பீரோ காய்ந்த பிறகு வேலையை ஆரம்பித்தார். பிரஷ் நுனியில் துளி கறுப்புப் பொடி, அதையும் தட்டி உதறிவிட்டு, பச்சைக் குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி லேசாகச் சுழற்றினார். வெறும் சாம்பல் நிறத் தகட்டில் கோடு கோடாக ஒரு பெருவிரல் எழுந்து வந்தது. அது என் மச்சானுடையது என்பது பிறகு தெரிந்தது.

ரேகை தெரிந்ததும் பக்கத்தில் அளவுகோல் ஒட்டிப் போட்டோ எடுக்கிறார்கள். அப்புறம்தான் டேப்பை ஒட்டி உரித்து அட்டையில் பதிக்கிறார்கள். இருண்ட பரப்புக்கு வெள்ளைப் பொடி. காகிதம், பாண்டுப் பத்திரம், பணக்கட்டைச் சுற்றிய பேப்பர் என்றால் பொடி போடாமல் எடுத்துப்போய் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் தெளிக்கிறார்கள். அது அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறத்தில் ரேகையைக் காட்டும். பிளாஸ்டிக், கண்ணாடிப் பொருட்களுக்குப் பசைப்புகை. உடைந்த பொம்மையை ஒட்ட நாம் வாங்கும் ஃபெவிக்விக் வகைப் பசையைச் சூடாக்கி, மூடிய பெட்டிக்குள் புகை போட்டால் ரேகையின் மேல் வெள்ளையாகப் படியும். நனைந்த பொருளுக்கென்று மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரைசல் ஒன்று இருக்கிறது. வெள்ளி நைட்ரேட்டும் ஒரு முறைதான், ஆனால் அது வியர்வையில் உள்ள உப்போடு வினைபுரிவது. பொருள் முழுக்கக் கடல் உப்பு படிந்திருந்தால் எல்லாமே கறுத்துவிடும். இவற்றில் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். வீடியோ பார்த்துவிட்டு முகப்பவுடர் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

- ஃபேன், ஏ.சி. போடாதீர்கள். ஸ்விட்சிலும் ரேகை இருக்கலாம்.
- ஈரமாக இருக்கும் பொருளைத் துடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.
- மழை சாரல் அடிக்கிறது, நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், சாதாரணமாக யாரும் பிடிக்காத முனையில் இரண்டு விரல் நுனியால் பிடித்து நகர்த்துங்கள். கண்ணாடிப் பட்டை என்றால் இரண்டு ஓரங்களை மட்டும்.
- கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ரேகை விழாது, சரி. திருடன் ரேகையைத் தேய்த்து அழிக்க கையுறையே போதும்.

எந்த இடத்து ரேகைக்கு மதிப்பு அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிக்கேட்டில் இருப்பது பால்காரருடையதாக இருக்கலாம். பீரோ லாக்கருக்குள் இருக்கும் அந்நிய ரேகைக்குச் சமாதானம் சொல்வது கஷ்டம். ஆகவே லாக்கரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று துழாவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான் அடக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது திருடன் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்த ஒரு கண்ணாடிப் பட்டை. செருப்புக் குவியலுக்குப் பின்னால் இருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

4. ரத்தம், எச்சில், முடி: காகிதம்தான் வேண்டும், பிளாஸ்டிக் கூடாது

கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்ட திருடன் விடும் ரத்தம், குடித்து வைத்த தண்ணீர் பாட்டிலின் வாய், பீடித்துண்டு, வெற்றிலை எச்சில், விட்டுப்போன தொப்பி, எல்லாவற்றிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க வாய்ப்பு உண்டு. இவற்றைத் தொடாமல் விடுவதுதான் முதல் விதி. பக்கத்தில் குனிந்து பேசுவது, இருமுவது, தும்முவதுகூடக் கூடாது. உங்கள் எச்சில் துளி அதோடு கலந்துவிடும்.

எடுப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். காய்ந்த கறையை, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சொட்டு விட்ட பஞ்சுக்குச்சியால் ஒற்றித் தேய்த்தார் அந்தத் தடய அறிவியல் அலுவலர். உடனே அதே இடத்தில் காய்ந்த பஞ்சுக்குச்சி ஒன்று. பிறகு கறையே இல்லாத பக்கத்து இடத்திலிருந்து மூன்றாவது. அது ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றையும் நிழலில் நிறுத்தி உலர்த்தி, தனித்தனிக் காகித உறையில் போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் கையுறையை மாற்றினார். வேர்த்து வடிகிற நம் வெயிலில் ஈரக் கையுறையை இழுத்துக் கழற்றிப் புதியதை மாட்டுவதே ஒரு வேலையாக இருந்தது.

பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே ஈரம் நிற்கும். ஈரத்தில் கிருமியும் பூஞ்சையும் வளர்ந்து டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். வெயிலில் காயவைத்தால் வெயில் கெடுக்கும். எனவே வேறு வழியே இல்லாமல் நீங்களே ஒரு துணியை எடுத்து வைக்கும்படி ஆனால், நிழலில், புதுக் காகிதத்தின் மேல் உலரவிட்டு, பிறகு காகிதத்தில் மடியுங்கள். பழைய மளிகைக் கடைப் பை வேண்டாம். ஒரு பொருளுக்கு ஓர் உறை. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று உறைமேல் பேனாவால் எழுதுங்கள்.

கழுவிவிட்டால் எல்லாம் போயிற்றா? முழுக்கப் போகாது. அம்மா கழுவிய திண்டை விட்டுவிட்டு, ஜன்னல் கம்பி மரச்சட்டத்தில் செருகும் பொந்தைப் பார்த்தார் அந்த அலுவலர். அதில் ஒற்றிய வடிதாளில் இரண்டு மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு ஏறியது. "ரத்தமா இருக்கலாம்னுதான் இது சொல்லும், ரத்தம்னு லேப்தான் சொல்லணும்" என்றார். ஆகவே கழுவிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். என்ன ஊற்றிக் கழுவினீர்கள் என்பது வரை சொல்லுங்கள்.

இது திருட்டுக்கான கட்டுரைதான். ஆனால் வீட்டில் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ பாலியல் வன்முறை நடந்திருந்தால் வரிசை மாறும். முதலில் ஆஸ்பத்திரி. குளிக்காமல், உடை மாற்றாமல் போக முடிந்தால் நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடையைக் காகிதப் பையில் கொண்டுபோங்கள். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், சம்மதத்தோடு, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். தனியார் ஆஸ்பத்திரியும் முதலுதவியை இலவசமாகச் செய்தாக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

5. உங்கள் ரேகையையும் கொடுங்கள்

வீட்டில் கிடைக்கும் ரேகைகளில் முக்கால்வாசி நம்முடையவை. அவற்றைக் கழித்தால்தான் அந்நியன் தெரிவான். எனவே வீட்டார் அனைவரின் பத்து விரல் ரேகையையும் கேட்பார்கள். வேலைக்கு வரும் அக்கா, போன வாரம் வந்த தச்சர் பெயரையும் சொல்லுங்கள். "எங்களையே சந்தேகப்படுறாங்களா" என்று என் மாமியார் அழுதுவிட்டார். ஏன் கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: ஆதாரில்தான் எல்லார் ரேகையும் இருக்கிறதே, தட்டினால் ஆள் தெரியாதா? தெரியாது. ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு அந்த ரேகையைப் பகிர்வதைத் தடுக்கிறது. போலீஸ் ஒப்பிடுவது, முன்பு கைதானவர்களின் ரேகைகள் உள்ள பதிவில்தான். 2022-ல் நாடு முழுவதற்கும் நாஃபிஸ் என்ற கணினிப் பதிவு வந்துவிட்டதால், வெளிமாநிலத்தில் சிக்கியவனும் அதில் இருப்பான். முதல் தடவை திருடுகிறவன் இருக்க மாட்டான். இன்னொன்று, ரேகையைப் பார்த்து அது என்றைக்கு விழுந்தது என்று சொல்ல முடியாது.

6. புகார், எஃப்.ஐ.ஆர்.

புகார் மனுவில் கதை வேண்டாம். வீட்டைப் பூட்டிய தேதி, நேரம், திரும்பிய தேதி, நேரம், எந்த வழியாக நுழைந்தது தெரிகிறது, என்ன போயிற்று, யார் எதைத் தொட்டார்கள். நகைப் பட்டியலை இப்படி எழுதுங்கள்: "ரெட்டை வடச் சங்கிலி ஒன்று, 3 பவுன், கொக்கியில் சிவப்புக் கல், வாங்கிய ஆண்டு, பில் இருக்கிறது." பில் இல்லையா? கல்யாண ஆல்பத்தில் கழுத்தில் தெரியும் போட்டோ உதவும். அடகு வைத்து மீட்டிருந்தால் அந்த ரசீதில் எடை இருக்கும். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து அனுப்பப் பார்ப்பார்கள். அது மனு பெற்றதற்கான அத்தாட்சிதான், வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி அதன் நகல் உங்களுக்கு இலவசம். வெளியூரில் இருந்தால் மின்னஞ்சல் போன்ற வழிகளில் புகார் அனுப்பலாம், 3 நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் எழுத்தில் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீடு புகுந்து திருடியதற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305 (7 ஆண்டு வரை), இரவில் உடைத்து நுழைந்ததற்கு 331-ன் 4-வது உட்பிரிவு (திருட்டு நோக்கம் என்றால் 14 ஆண்டு வரை). இது ஏன் முக்கியம் என்றால், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுத்து, அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ன் 3-வது உட்பிரிவு. மாநிலங்கள் 5 ஆண்டுக்குள் இதை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நிபுணர் வராமல் மகஜரை (சம்பவ இடத்தில் பார்த்ததைப் போலீஸ் எழுதும் ஆவணம்) முடிக்கப் பார்த்தால், மரியாதையாக, "ஐயா, ரத்தம் இருக்கு, ரேகைக்கு ஆள் வருவாங்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பெரும்பாலும் வேலை செய்யும்.

7. மகஜரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

பார்வை மகஜர், வரைபடம், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் மூன்றும் எழுதுவார்கள். சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அவர்கள் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரக்கூடியவர்களாக இருக்கட்டும், அடுத்த மாதம் துபாய் போகிற தம்பியை நிறுத்தாதீர்கள். கிழக்கு ஜன்னலா மேற்கு ஜன்னலா, எத்தனை உறை, எதில் அரக்கு முத்திரை என்பது சரியாக இருக்கிறதா பாருங்கள். எங்கள் மகஜரில் துண்டின் நிறம் தப்பாக இருந்தது. ஸ்டேஷனில் அதை எழுதிய ரைட்டரிடம் சொன்னதும் திருத்தினார். அதே தப்பு கோர்ட்டில் தெரிந்திருந்தால் "இது அந்தத் துண்டே அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பார்.

8. காலமும் செலவும்

எஃப்.ஐ.ஆர்., கைரேகை, ஆய்வகப் பரிசோதனை எதற்கும் உங்களிடம் கட்டணம் கிடையாது. எனக்கு ஆனது ஜெராக்ஸ், பெட்ரோல், புது நாதாங்கி, ஜன்னல் கண்ணாடி, கடைசியில் வக்கீல் பீஸ்.

ரேகை ஒப்பீடு சில வாரங்களில் முடியலாம். எங்களுக்கு ஒன்றரை மாதம். டி.என்.ஏ. மாதக்கணக்கில் இழுக்கும், அதை எதிர்பார்த்து வாரா வாரம் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு சொல்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அன்றைக்குப் போய்க் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆள் சிக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றை ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

நகை கிடைத்தால் அது நேரே உங்கள் கைக்கு வராது, கோர்ட்டுக்குப் போகும். உங்கள் ஸ்டேஷன் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு உட்பட்டதோ அங்கே மனு போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், பில் அல்லது அடகு ரசீது, ஆதார், பிணைப்பத்திரம் தேவை. அதே சன்ஹிதாவின் 497-வது பிரிவுப்படி, பொருள் வந்த 14 நாட்களில் கோர்ட் அதைப் பட்டியலிட்டுப் படமெடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாட்களில் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். நடைமுறையில் நம் வக்கீல் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால்தான் நகரும். எங்களுக்கு ஆறரையில் நாலு பவுன் திரும்பியது. வழக்கு முடிகிறவரை அதை அழித்துப் புதிதாகச் செய்யவோ விற்கவோ கூடாது.

9. பொடியைத் துடைப்பது

எல்லாம் முடிந்தது, இனித் துடைக்கலாமா என்று எஸ்.ஐ.யிடம் வாய்விட்டுக் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் துடைக்க வேண்டும். அந்தக் கறுப்புப் பொடியில் எடுத்த எடுப்பிலேயே ஈரத்துணியைப் போடாதீர்கள், மையாகக் குழைந்து அப்பிக்கொள்ளும். முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ உதிர்த்து எடுங்கள். அப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர். மரச்சட்டத்தின் இழைக்குள் இறங்கியது போகாது. எங்கள் ஜன்னல் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டார்.